வைத்த இடத்தில் தட்டு

தொண்டு செய்யக் கடல் கடந்து போகிறவனுக்குப் பெட்டி கட்டித் தந்தவள் அக்கா. பெட்டிக்குள் போன சட்டைகளைத் துவைத்தவள் அக்கா. அறுந்த பொத்தான்களைத் தைத்தவளும் அக்கா. வழியனுப்ப வந்த உற்றார் உறவினர் கூடத்தில் கைதட்டிக்கொண்டிருந்தபோது, அதில் கலந்துகொள்ளக் கை ஒழியாமல், உள்ளறையில் அம்மாவின் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தவளும் அந்த அக்காவேதான். "நோயுற்ற முதியோருக்குப் பணி செய்ய நம் குலக்கொழுந்து புறப்பட்டுவிட்டது!" என்று சித்தப்பா முழங்கினார். இடுப்பெலும்பு முறிந்து மழைக்காலம் முதல் படுக்கையில் கிடந்த அம்மா, அந்த முழக்கத்தைச் சுவருக்கு மறுபுறம் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவனுக்கு வீட்டில் 'தொண்டர்' என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் வேறொன்று உண்டு. அதைப் பள்ளிச் சான்றிதழோடு மூட்டை கட்டிவிட்டார்கள். கல்லூரியில் பேச்சுப் போட்டி என்றால் கோப்பை அவனுக்கு. அதைத் துடைத்து அடுக்கும் வேலை அக்காவுக்கு. 'தாய்மையின் மாண்பு' என்ற தலைப்பில் வென்ற கோப்பைதான் எல்லாவற்றிலும் பெரியது. அந்தத் தாய்மை படுக்கையில் விழுந்த பிறகு அவளை ஒருமுறையேனும் புரட்டிப் படுக்க வைத்தானா என்றால், இல்லை. மனம் இல்லாமல் அல்ல. மனம் மலையளவு இருந்தது. "ஆம்பளப் பிள்ளைக்கு அதெல்லாம் வராது" என்று அப்பா தீர்ப்பு எழுதியிருந்தார். அதே தீர்ப்பின் கீழ் அவரும் விடுதலை பெற்றிருந்தார்.

ஆனால் அக்கா ஏமாளி அல்லள். ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் பணியாற்றப் படித்துத் தேறியவள். வெளியூர் மருத்துவமனை ஒன்று அவளுக்கு வேலை தந்து, அம்மா விழுந்த காரணத்தால் ஒருமுறை தள்ளியும் வைத்திருந்தது. அதனால் தம்பியைப் பெட்டியும் கையுமாக வாசலில் நிறுத்தி ஓர் ஒப்பந்தம் பேசினாள்.

"இந்த வசந்தம் உனக்கு. அது முடிஞ்சதும் நீ வந்து அம்மாவைப் பாத்துக்கற, நான் வேலையில சேர்றேன். இன்னொரு தடவை தள்ளி வைக்க மாட்டாங்க, தெரியும்ல?"

"சத்தியமாக்கா. பூ உதிர்றதுக்குள்ள வந்து நிப்பேன்."

"எந்தப் பூ?"

"அங்க பூக்குற பூ."

"அது உதிர்றது எனக்கு எப்படிடா தெரியும்? தேதி சொல்லு."

சொன்னான். பேச்சாளன் தேதி சொல்வது அரிதினும் அரிது, அன்று சொல்லிவிட்டான்.

அவன் தொண்டு செய்யப் போன முதியோர் இல்லம் ஒரு சிறு நகரத்தின் ஓரத்தில், ரயில் பாதைக்கும் பூங்காவுக்கும் இடையில் இருந்தது. அவன் போய் இறங்கிய நாளில் மரங்களெல்லாம் துடைப்பங்களைத் தலைகீழாக நட்டதுபோல் மொட்டையாக நின்றன. இல்லத்தின் பின்புறத்தில் தொண்டர்கள் தங்கும் வீடு: இரண்டு அறை, ஓர் அடுக்களை, நடுவில் ஒரு மேசை. அறைத்தோழனாக வாய்த்தவன் அந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. வீட்டு மொழியும் நாட்டு மொழியும் அவனுக்கு இரு கைபோல. ஆனால் எந்த மொழியிலும் நாலு சொல்லுக்கு மேல் செலவழிக்க மாட்டான். அதனால் வந்த வேகத்திலேயே அவனுக்குச் 'சுருக்கு' என்று பெயர் சூட்டப்பட்டது.

முதல் நாள் நம் தொண்டன் சாப்பிட்டான், கை கழுவினான், அறைக்குப் போனான். தட்டு மேசைமேல் இருந்தது. இதில் வியப்பென்ன? பிறந்த நாள் முதல் அவன் உண்ட தட்டு உண்ட இடத்தில்தான் இருந்திருக்கிறது. பிறகு எப்படியோ மறைந்து, எப்படியோ பளபளத்து, அடுத்த வேளைக்கு அலமாரியில் தோன்றியிருக்கிறது. ஞாயிறு மறைந்து உதிப்பதுபோல் அதுவும் இயற்கையின் ஏற்பாடு என்றே எண்ணியிருந்தான். அந்த நாட்டு இயற்கைக்கு அந்தப் பழக்கம் இல்லை. மறுவேளை வந்து பார்த்தால் அலமாரியில் அவனுக்குத் தட்டு இல்லை.

"என் தட்டு எங்கடா?"

"வச்ச இடத்துலயே இருக்கு" என்றான் சுருக்கு.

இருந்தது. கஞ்சி காய்ந்து, தட்டில் ஒரு தேசத்தின் வரைபடம்போல் ஒட்டியிருந்தது.

"கழுவலையா?"

"யாரு?"

யார்! மேடையில் எத்தனை முறை வானத்தைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறான்! ஏழையின் கண்ணீரைத் துடைப்பவன் யார்? நாட்டின் இருளைப் போக்குபவன் யார்? கேட்டபோதெல்லாம் கைதட்டல் எழுந்திருக்கிறது. 'தட்டைக் கழுவுபவர் யார்?' என்று மட்டும் எந்தப் போட்டியிலும் எவரும் தலைப்புத் தந்ததில்லை. ஆகவே பதில் தயாராக இல்லை.

"இங்க வேலைக்கு ஆளே இல்லையா?"

"இருக்காங்களே. அதுல நீயும் ஒருத்தன்."

நிர்வாகத்தின் குறையை எடுத்துரைப்பதும் தொண்டனின் கடமை அல்லவா? தூய்மையின் தேவை பற்றி ஒரு பக்கம் எழுதி, இல்லத்தை நடத்தும் மேட்ரனிடம் கொடுத்தான். அன்று மாலையே பதில் வந்தது, எழுத்தில் அல்ல. காய்ந்த தட்டின் பக்கத்தில் புத்தம் புதிய ஸ்பாஞ்சு ஒன்று வைக்கப்பட்டிருந்தது.

வேலை தொடங்கியது. விடிந்ததும் படுக்கை விரிப்புகளை உருவ வேண்டும். சலவை இயந்திரத்தின் வாயில் திணிக்க வேண்டும். கஞ்சி ஊட்ட வேண்டும். தாத்தாமாருக்குச் சவரம் செய்ய வேண்டும். எழ முடியாதவர்களை வேளைக்கு ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். அவனுக்கும் சுருக்குக்கும் ஒப்படைக்கப்பட்டவர்களுள் ஒருத்தி, ஆயுளெல்லாம் தையல் இயந்திரம் மிதித்து வாழ்ந்த பருத்த அம்மாள். தையற்காரம்மா என்றே எல்லோரும் அழைத்தார்கள். விதியின் குறும்பைப் பாருங்கள்: அவளுக்கும் இடுப்பெலும்புதான். வீட்டுத் தாயைத் தொடாமல் தப்பி வந்தவன், அதே முறிவை அயல்நாட்டில் கைநிறையப் பெற்றுக்கொண்டான்.

தொட்டதும் அவள் போட்ட கூச்சலில் ஜன்னல் விளிம்பில் இருந்த புறாக்கள் பறந்தன. "மூட்டையா தூக்குற? மனுசிடா நான்!" என்று அந்த நாட்டு மொழியில் திட்டினாள். மொழி பாதிதான் விளங்கியது. திட்டு முழுதும் விளங்கியது.

அன்று மாலை அக்காவுக்குப் போன் செய்தான்.

"அக்கா, அம்மாவை நீ திருப்பும்போது அவங்க கத்தவே மாட்டாங்களே, அது எப்படி?"

"ஏன் கேக்கற?"

"இங்க ஒரு அம்மா. அதே இடுப்பு. கிட்டப் போனாலே கத்துது."

"பக்கத்து அறையிலதானேடா இருந்த? ஒரு நாள் எட்டிப் பாத்திருந்தா போன் செலவு மிச்சமாயிருக்கும்."

"கிண்டல் பண்ணாதக்கா. சொல்லு."

"முதல்ல, திருப்பப் போறேன்னு வாயைத் திறந்து சொல்லு. அவங்க 'ம்' சொல்ற வரைக்கும் தொடாத. முழங்காலுக்கு நடுவுல தலையணை வை. கையைப் பிடிச்சு இழுக்காத, அடியில ஒரு போர்வையை மடிச்சுப் போட்டு, அதை உருட்டிப் பிடிச்சு, போர்வையோட சேத்துத் திருப்பு. அவங்க மூச்சை வெளிய விடுற நேரம் பாத்துத் திருப்பணும். புரியுதா? நீ மூச்சை விடுற நேரம் இல்ல."

மறுநாள் அப்படியே செய்தான். தையற்காரம்மா கத்தவில்லை. திருப்பி முடித்த பிறகும் கத்தலாமா வேண்டாமா என்று யோசிப்பவள்போல் வாயைத் திறந்து வைத்திருந்தாள். வாசலில் நின்று பார்த்த மேட்ரன் கேட்டாள்: "அட! இதை எங்க கத்துக்கிட்ட?"

"அனுபவம்" என்றான்.

யாருடைய அனுபவம் என்று மேட்ரன் கேட்கவில்லை. கேளாத கேள்விக்கு விடை சொல்வது அவை நாகரிகம் அல்லவே!

அந்த வாரத்தில் மரங்கள் பூத்தன. நேற்றுவரை துடைப்பமாக நின்றது, இன்று வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பொங்கி வழிந்தது. இல்லத்தின் ஜன்னல்களைக் கிறீச்சென்று திறந்தார்கள். குளிர்காலமெல்லாம் உள்ளே அடைந்து கிடந்த சக்கர நாற்காலிகள் தோட்டத்துக்கு உருண்டன. விரிப்புகள் வெயிலில் கொடியேறின. பூந்தூள் பறந்து வந்து அனைவர் மூக்கிலும் சமத்துவமாக ஏறியது. கஞ்சி ஊட்டுகிறவனும் உண்கிறவரும் மாறி மாறித் தும்மினார்கள். அவனுடைய புகழும் அந்தப் பூக்களோடு சேர்ந்தே பூத்தது. படுத்த படுக்கையில் தலைக்குக் குளிப்பாட்டுவது எப்படி, புரையேறாமல் ஊட்டுவது எப்படி, குதிகால் வெடிப்புக்கு என்ன தடவுவது, எல்லாம் மாலையில் போனில் வரும்; காலையில் கையில் இறங்கும். 'தங்கக் கை' என்றார்கள் தாத்தாமார்கள். அந்தத் தங்கத்தை நாள்தோறும் உருக்கி அனுப்பியவள் கடலுக்கு அப்பால் இருந்தாள்.

"அக்கா நல்லா சொல்லித் தர்றாங்க" என்றான் சுருக்கு, ஒரு நாள் விரிப்பு மடிக்கும்போது.

"ம்."

"மேட்ரன்கிட்ட சொன்னியா?"

"சொல்லணும். சமயம் வரட்டும்."

சுருக்கு விரிப்பின் மறுமுனையை நீட்டினான்.

வீட்டிலோ அப்பாவுக்குத் தரை தெரியவில்லை. மகன் அனுப்பும் படங்களை உறவுக்காரர் அனைவருக்கும் அனுப்பினார். அனுப்பிய கையோடு வீட்டுக்கும் அழைத்துக் காட்டினார். ஒரு நாள் வீடியோவில் அவன் கண்ணாலேயே கண்டான். கூடத்தில் சித்தப்பாவும் மாமாவும் அமர்ந்திருக்க, அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்:

"யார் யாரோ பெத்தவங்களுக்கு மலம் எடுக்குறான்யா என் பிள்ளை! எவனுக்கு வரும் இந்த மனசு?"

"கோயில் கட்டினாலும் தகும்ணே!" என்றார் சித்தப்பா.

அந்த நேரத்தில், அம்மாவின் படுக்கையடியில் வைக்கும் பாத்திரத்தை மூடி எடுத்துக்கொண்டு அக்கா கூடத்தைக் கடந்தாள். அப்பா மூக்கைச் சுளித்தார். "ஓரமா போம்மா. தம்பியோட தொண்டு பத்திப் பேசிக்கிட்டிருக்கோம்ல?"

அக்கா ஓரமாகப் போனாள். போகிற போக்கில் போன் திரையை ஒரு பார்வை பார்த்தாள். அவன் உடனே தும்மினான். பூந்தூளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

தையற்காரம்மாவுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. வெயில் ஏறும் வேளையில் அவளைச் சக்கர நாற்காலியில் பூமரத்தடிக்குத் தள்ளிச் செல்வான். ஒரு நாள் கேட்டான், சற்றே குற்றம் சாட்டும் குரலில்: "உங்க மகன் வந்து பாக்குறதே இல்லையா?"

"வர முடியாதே. அவனும் உன்னை மாதிரிதான்."

"என்னை மாதிரின்னா?"

"வெளிநாட்டுல தொண்டு செய்யுறான். ரொம்ப நல்ல பையன். எந்த நாட்டுலயோ, யாரோ ஒரு கிழவியைத் திருப்பிப் படுக்க வைக்கிறான். நீ இங்க வந்து என்னைத் திருப்புற." மடியில் விழுந்த பூவிதழைத் தட்டிவிட்டாள். "நடுவுல விமானக் கம்பெனிக்காரனுக்குத்தான் லாபம்."

பெற்றவளைத் தவிக்கவிட்டுப் பிறர்க்குப் பணி செய்யப் போன அந்த மகனை எண்ணி அவன் உள்ளம் கொதித்தது. என்ன மனிதன்! என்ன வேடம்! இப்படியும் ஒருவன் இருப்பானா என்று, அறை திரும்பும்வரை நொந்துகொண்டே போனான். கண்ணாடி இல்லாத வழியாகப் போனதால் அவனுக்கு விடை கிடைக்கவில்லை.

வசந்தம் முடியப்போகும் நேரத்தில் மேட்ரன் அழைத்தாள். அடுத்த பருவத்துக்கும் ஒருவரை வைத்துக்கொள்ள இடம் இருக்கிறது. 'தங்கக் கை'யே இருந்துவிடலாமே? விருந்தினர் நாளன்று, இல்லத்தாரின் உறவினர்களும் நன்கொடையாளர்களும் தோட்டத்தில் கூடும்போது, அவன் தொண்டு பற்றிப் பேச வேண்டும். தாய்மொழியிலேயே பேசலாம், சுருக்கு மொழிபெயர்ப்பான். பேச்சு முடிந்ததும், அவன் தங்குகிற செய்தியைத் தானே அறிவிப்பதாகச் சொன்னாள்.

மேடை! அந்த ஒரு சொல்லில் அவனுக்கு ஒப்பந்தம் மறந்தது, அக்காவின் தேதி மறந்தது. அப்பாவுக்குச் சொன்னான். அப்பா உலகுக்குச் சொன்னார். அந்த உலகத்தில் அக்காவும் ஒருத்தி என்பதால் அவளுக்கும் தெரிந்தது.

"இருக்கப் போறியாம்?" என்று போனில் கேட்டாள்.

"இன்னும் முடிவு பண்ணலக்கா. இங்க என்னை விட்டா ஆள் இல்ல, அதான்..."

"இங்க என்னை விட்டா ஆள் இருக்கா?"

"அப்பா இருக்காரே."

"அப்பாவைக் கேட்டேன். ஆம்பளை, எனக்கு வராதுங்கறாரு. உனக்கு மட்டும் எப்படிடா வந்துச்சு? விமானத்துல ஏறினா வருமா? சொல்லு, அவருக்கும் ஒரு டிக்கெட் எடுத்துடலாம்."

அவன் பேச்சை மேடைப்பக்கம் திருப்பப் பார்த்தான், அவள் விடவில்லை.

"தம்பி, நீ சொன்ன தேதிதான் அவங்க எனக்குக் கொடுத்திருக்கிற கடைசித் தேதி. அன்னிக்கு நான் போய் நிக்கலைன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க. வர்றியா, வரலையா? ஒரு வார்த்தை."

"விருந்தினர் நாள்ல பேசி முடிச்சிட்டுச் சொல்றேங்க்கா."

"நீ என்னிக்குடா பேசி முடிச்சிருக்க?" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கட்டிலில் படுத்திருந்த சுருக்கு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். ஓரறையில் இருவர் தங்கினால் ஒருவருடைய போன் இருவருக்கும் கேட்கும். அது கட்டடக் கலையின் குற்றம்.

விருந்தினர் நாள் வந்தது. பூ உதிரத் தொடங்கியிருந்த மரத்தடியில் மேடை, எதிரே வரிசையாகச் சக்கர நாற்காலிகள், முன்வரிசையில் தையற்காரம்மா. மேடையோரத்தில் ஒரு போனை நிறுத்தி வைத்திருந்தான். அதன் வழியே கடலுக்கு அப்பால், வீட்டுக் கூடத்தில் அப்பாவும் சித்தப்பாவும் மாமாவும் அத்தைமாரும் திரண்டிருந்தனர். அக்கா கதவோரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

அவன் தொண்டையைக் கனைத்தான். கனைத்த கணமே அவன் அவனாக இல்லை.

"அவையீர்! தொண்டு என்பது என்ன? துயருற்றவர் திசை நோக்கித் தானே திரும்பும் தாமரை உள்ளம்! கொடுத்துச் சிவந்த கைகளைப் பாடியது பழைய உலகம். துடைத்துச் சிவந்த கைகளைப் பாடப்போவது புதிய உலகம்!"

அவன் மூச்சு வாங்க நிறுத்தினான். சுருக்கு மொழிபெயர்த்தான்: "வேலை நல்லதாம்."

தாத்தாமார்கள் தலையாட்டினார்கள். அவன் மீண்டும் எழும்பினான். நிலவைத் தொட்டான், கடலைக் கலக்கினான், மலையைப் பெயர்த்தான். சுருக்கு, "ரொம்ப நல்லதாம்" என்றான். இறுதியில், எந்தப் போட்டியிலும் தவறாமல் கோப்பை பெற்றுத் தந்த அந்த உச்சத்துக்கு ஏறினான்.

"படுக்கையில் ஒரு தாய் கிடக்கிறாள் என்று கேட்டால், எந்நாட்டவள் என்று வினவ மாட்டேன்! எவர் பெற்றவள் என்று ஆராய மாட்டேன்! இது ஆண் செய்யும் வேலையா, பெண் செய்யும் வேலையா என்று அற்ப வழக்குத் தொடுக்க மாட்டேன்! அழைப்பு வரட்டும் என்று காத்திருக்க மாட்டேன்! கடல் குறுக்கே கிடந்தாலும் கடந்து, அந்தத் தாயின் கட்டிலடியில் போய் நிற்பேன்! இது உறுதி! உறுதி! உறுதி!"

சுருக்கு அவனை ஒரு கணம் ஏற இறங்கப் பார்த்தான். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினான். அன்றுதான் அவன் நாலு சொல்லைத் தாண்டியது.

"இவருடைய சொந்த அம்மா, நம்ம தையற்காரம்மா மாதிரியே இடுப்பு உடைஞ்சு படுக்கையில இருக்காங்க. அவங்களைப் பாத்துக்கறது இவரோட அக்கா. இவர் இங்க செய்யுற ஒவ்வொரு கைவேலையும் அந்த அக்கா தினமும் போன்ல சொல்லிக் கொடுத்தது. அக்காவுக்கு இப்ப வேலை கிடைச்சிருக்கு. அதனால அம்மாவைப் பாத்துக்க, சொன்ன தேதியில, இவர் ஊருக்குப் போறார். உறுதியாம். மூணு தடவை சொன்னார்."

இத்தனை நாள் பழகியதில் இவ்வளவையும் புரிந்துகொள்ளும் அளவுக்கு அந்த மொழி நம் தொண்டனுக்கு வந்திருந்தது. வராமல் இருந்திருக்கலாம். தோட்டமே எழுந்து நின்றது. எழ முடியாதவர்கள் நாற்காலியின் கையைத் தட்டினார்கள். தையற்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் பையனும் இப்படி ஒரு நாள் பேசுவான்" என்றாள். மேட்ரன் கையிலிருந்த அறிவிப்பை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு மேடையேறி, அவனைத் தழுவிக்கொண்டாள். "போ. நீ போகத்தான் வேணும். உன் இடத்துக்கு வேற ஆள் பாத்துக்கறேன்." இல்லை, நான் அப்படிச் சொல்லவில்லை என்று எந்த வாயால் சொல்வது? தாயிடம் போக மாட்டேன் என்று எந்த மேடையில் முழங்குவது? தலைகுனிந்தான். அதையும் அடக்கம் என்று எண்ணி இன்னொரு முறை கைதட்டினார்கள்.

தப்பிக்க ஒரு வழிதான் இருந்தது, வீடு. அப்பா தடுத்தால், அப்பாவின் சொல்லை மீறலாகாது என்று ஒரு பேச்சுப் பேசலாம். போனை எடுத்தான். வீட்டுக் கூடமும் கைதட்டிக்கொண்டிருந்தது. கதவோரத்தில் நின்ற அக்கா நடுக்கூடத்துக்கு வந்துவிட்டிருந்தாள்.

"சித்தப்பா, தம்பி பேசினதைக் கேட்டீங்கல்ல?"

"கேட்டேம்மா! உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு!"

"படுக்கையில தாய் கிடந்தா, கூப்பிடறதுக்கு முன்னாடியே வந்து நிப்பேன்னான்."

"சொன்னான், சொன்னான்! என்ன வாக்கு!"

"நான் கூப்பிடவே கூப்பிடறேன். வரச் சொல்லுங்க."

கைதட்டல் நின்றது. சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா கூரையைப் பார்த்தார். அங்கே எந்தத் தீர்ப்பும் எழுதியிருக்கவில்லை. அந்த அமைதியில், உள்ளறையிலிருந்து, மெலிந்த இரு கைகள் தட்டும் ஓசை மட்டும் கேட்டது. அம்மா தட்டிக்கொண்டிருந்தாள்.

சொன்ன தேதிக்கு முதல் நாள் அவன் வீட்டு வாசலில் இறங்கினான். அவன் பெட்டி உள்ளே வந்த வழியாகவே அக்காவின் பெட்டி வெளியே போயிற்று.

"எதுக்கு எது எங்க இருக்குன்னு சொல்லட்டுமா?"

"எல்லாம் தெரியும்க்கா."

"தெரியும்தான். நான் சொல்லிக் கொடுத்ததுதானே" என்று சிரித்தாள். அம்மாவின் நெற்றியைத் தடவினாள். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். திரும்பிப் பார்த்தால் அடுப்பில் ஏதாவது பொங்கும். அது அவளுக்குத் தெரியும்.

அவன் அம்மாவின் கட்டிலருகே போனான். போர்வையை உருட்டிப் பிடித்தான். முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்தான். எத்தனை பேரைத் திருப்பிய கை! பெற்றவளைத் திருப்புவது அதற்கு அதுதான் முதல் முறை.

"திருப்பப் போறேம்மா."

அம்மா அவனைச் சற்று நேரம் பார்த்தாள். "ம்" என்றாள்.

மூச்சு வெளியேறும் நேரம் பார்த்துத் திருப்பினான். அவள் கத்தவில்லை. முகத்தைச் சுவருக்குக் கொடுத்தபடியே சொன்னாள்: "நல்லாத்தான் வருது உனக்கு. விமானச் செலவு வீண் போகல."

ஊர் என்ன சொல்லிற்று? "தாய்க்காக வெளிநாட்டையே உதறித் தள்ளிட்டு வந்தவன்யா!" என்றார் அப்பா, வருவோர் போவோரிடமெல்லாம். தாய்க்காக வேலையைத் தள்ளிப் போட்டவளைப் பற்றி யாரும் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை. அவளோ வெளியூரிலிருந்து ஒரு மாலை போன் செய்து, வேலையைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் இதைத்தான் சொன்னாள்: "டேய், இங்க சாப்பிட்டு முடிச்சா கழுவ ஒரே ஒரு தட்டுதான்டா. கை நம்ப மாட்டேங்குது. சும்மா குழாயடியில நின்னுக்கிட்டே இருக்கேன்."

அன்று இரவுச் சாப்பாடு முடிந்தது. அம்மாவுக்கு ஊட்டிய கிண்ணத்தையும் தன் தட்டையும் கழுவி வைத்துவிட்டுத் திரும்பியவன், மேசையைப் பார்த்தான். அப்பா சாப்பிட்டு, கை கழுவி, செய்தித்தாளோடு நாற்காலிக்குப் போய்விட்டிருந்தார். தட்டு மேசைமேல் இருந்தது. ஓரத்தில் சோறு ஒட்டியிருந்தது. அந்தத் தட்டை அவன் முன்பே எங்கோ பார்த்திருக்கிறான்.

எடுக்கக் கை நீட்டினான்.

"விடு" என்றாள் அம்மா. திறந்திருந்த உள்ளறைக் கதவு வழியாக மேசை அவளுக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ ஆண்டுகளாக அவள் பார்த்துவந்த மேசை அது.

"காஞ்சு போயிடும்மா."

"காயட்டும்."

அவன் கையை எடுத்துக்கொண்டான்.

காலையில் அப்பா மேசைக்கு வந்து அமர்ந்தார். அலமாரியைப் பார்த்தார். மகனைப் பார்த்தார்.

"என் தட்டு எங்கடா?"

"வச்ச இடத்துலயே இருக்குப்பா."

உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. முதலில் அம்மாவுக்கு வலியோ என்று பதறி ஓடினான். வலி இல்லை, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "மெதுவாம்மா, இடுப்பு!" என்று அவன் தோளைப் பிடித்துக்கொள்ள, அவள் சிரிப்பை அடக்க முடியாமல், கதவு வழியே மேசைப்பக்கம் பார்வையை வைத்திருந்தாள். அங்கே அப்பா தட்டைக் கையில் எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, வீட்டில் குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்.